வென்ற அணியைக் கலைப்பது யார்?

1997 அக்டோபர் 26 இரவு. மயாமியில் அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸ் வரை இழுத்துக்கொண்டு போனது. எட்கர் ரென்டெரியா அடித்த பந்து கிளீவ்லேண்ட் பிட்சரின் கையுறையை உரசிக்கொண்டு நடுமைதானத்துக்குப் போக, ஃப்ளோரிடா மார்லின்ஸ் கோப்பையை வென்றது. ஆடத் தொடங்கி ஐந்து சீசன்களே ஆன அணி அது. பதினாறு நாள் கழித்து, அதே தொடரில் மூன்று ஹோம் ரன் அடித்திருந்த மொய்செஸ் அலூ ஹூஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த வாரம் ஆட்டங்களை முடித்துக் கொடுக்கும் பிட்சர் ராப் நென் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனார். டிசம்பரில் முதன்மை பிட்சர் கெவின் பிரவுன் சான் டியேகோவுக்கு, பிப்ரவரியில் அல் லைட்டர் நியூயார்க்குக்கு. மே மாதத்தில் கேரி ஷெஃபீல்ட், பாபி பொனியா உள்ளிட்ட ஐந்து பேர் ஒரே மூச்சில் லாஸ் ஏஞ்சலஸுக்கு. பதிலாக வந்த நட்சத்திரம் மைக் பியாஸா மார்லின்ஸ் சீருடையில் ஒரு வாரம்தான் இருந்தார். அவரையும் நியூயார்க் மெட்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள்.

1998 சீசனில் நடப்பு சாம்பியன் 54 ஆட்டங்களில் வென்று 108-ல் தோற்றது. கோப்பையைக் கையில் வைத்திருந்த எந்த பேஸ்பால் அணியும் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு மோசமாக ஆடியதில்லை.

அணி உரிமையாளர் காசு மிச்சம் பிடிக்க சாம்பியன் அணியைப் பிய்த்துப் போடுவாரா என்று கேட்டால், அமெரிக்க ரசிகர்கள் முதலில் நீட்டும் சாட்சி இதுதான். சாட்சி வலுவானதுதான். ஆனால் இந்தக் குற்றச்சாட்டின் நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால், ‘மிச்சம் பிடித்தல்’ என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு காரியங்கள் ஒளிந்திருப்பது தெரிகிறது. கையில் காசே இல்லாமல் விற்றவர்கள் உண்டு. சொத்து கைநழுவுவதற்குள் பணமாக்கப் பார்த்தவர்கள் உண்டு. கிளப்பையே நல்ல விலைக்கு விற்பதற்காகச் சம்பளப் பட்டியலைச் சுத்தம் செய்தவர்கள் உண்டு. கடைசியாக, உரிமையாளர்கள் கூடி எழுதிய விதிப்புத்தகமே அணியைக் கலைத்துவிடும் காலமும் வந்திருக்கிறது.

நஷ்டம் என்ற கணக்கு

மார்லின்ஸ் உரிமையாளர் வெய்ன் ஹுய்சங்கா குப்பை அள்ளும் தொழிலிலும் பிளாக்பஸ்டர் வீடியோ கடைகளிலும் பெரும்பணம் சேர்த்தவர். 1997 சீசனுக்கு முன் புதிய ஆட்டக்காரர்களுக்காக 8 கோடியே 90 லட்சம் டாலர் மதிப்புள்ள ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார். மயாமியில் அரசுப் பணத்தில் பேஸ்பாலுக்கென்று தனி மைதானம் கட்டித் தர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. வெற்றி வந்தால் மக்கள் மனம் இளகும் என்பது கணக்கு. மைதானம் கிடைக்காது என்று தெரிந்ததும், அந்த சீசனின் நடுவிலேயே கிளப்பை விற்கப்போவதாக அறிவித்துவிட்டார். அந்த ஆண்டில் தனக்கு 3 கோடியே 40 லட்சம் டாலர் நஷ்டம் என்றும் சொன்னார். ஆக, விற்கும் முடிவு கோப்பைக்குப் பிறகு பிறந்ததல்ல. கோப்பைதான் அந்த முடிவுக்குக் குறுக்கே வந்து நின்றது.

ஸ்மித் கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர் ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்ட் அந்த நஷ்டக் கணக்கைத் திறந்து பார்த்தார். மார்லின்ஸ் ஆடிய மைதானமும் ஹுய்சங்காவுடையதுதான். வாகன நிறுத்தக் கட்டணம், சொகுசு அறைகளின் வாடகை, மைதானத்துக்குள் விற்கும் தின்பண்டம், விளம்பரப் பலகை ஆகியவற்றின் வருமானத்தில் பெரும்பகுதி மைதான நிறுவனத்தின் பேரேட்டில் ஏறியது. ஆட்டங்களை ஒளிபரப்பிய உள்ளூர் கேபிள் சேனலும் அவர் கையில்தான். பேஸ்பால் அணி இருப்பதால் அந்த நிறுவனங்களுக்கு வந்த பணத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் நஷ்டம் மறைந்து, ஒரு கோடி டாலருக்கு மேல் லாபம் நிற்கிறது என்று ஸிம்பலிஸ்ட் காட்டினார். ஒரே மனிதரின் வலது பையிலிருந்து இடது பைக்குப் போன பணம் அது.

இது ஹுய்சங்காவின் தனித் திறமையல்ல. டொராண்டோ புளூ ஜேஸ் அணியை நடத்திய பால் பீஸ்டன் ஒரு கணக்காளர். 40 லட்சம் டாலர் லாபத்தை 20 லட்சம் டாலர் நஷ்டமாக முறைப்படி காட்டித் தர முடியும், தணிக்கை நிறுவனங்களும் அதை ஒப்புக்கொள்ளும் என்று வெளிப்படையாகவே சொன்னவர். அதற்கு முன்பே பில் வீக் என்ற உரிமையாளர் இன்னொரு வழியைத் திறந்திருந்தார். கிளப்பை வாங்குபவர், வீரர்களின் ஒப்பந்த மதிப்பை இயந்திரத் தேய்மானம் போல ஆண்டுதோறும் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட தொழிலில், நஷ்டம் தாங்காமல்தான் அணியைக் கலைத்தேன் என்று ஒருவர் சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் பேரேட்டில் நஷ்டம் என்பதே.

ஹுய்சங்கா 1999 ஜனவரியில் கிளப்பை ஜான் ஹென்றிக்கு 15 கோடியே 80 லட்சம் டாலருக்கு விற்றார். 1991-ல் அவர் கட்டிய நுழைவுக் கட்டணம் 9 கோடியே 50 லட்சம். வாங்க வந்தவருக்கு நீண்ட கால ஒப்பந்தச் சுமையில்லாத கிளப் கிடைத்தது. வீட்டை விற்குமுன் கடன் பத்திரங்களைத் தீர்த்து வைப்பது போன்ற காரியம்தான் அந்தக் குளிர்காலத்தில் நடந்தது. ரசிகர்கள் தங்கள் கணக்கை டிக்கெட் கவுன்டரில் தீர்த்தார்கள். 1997-ல் 23 லட்சத்தைத் தாண்டிய பார்வையாளர் எண்ணிக்கை அடுத்த ஆண்டு 17 லட்சத்துக்குச் சரிந்தது.

ஒரு கிளப், மூன்று கலைப்பு

இந்தப் பழக்கத்தின் பூர்வ கதை வேண்டுமானால் அத்லெடிக்ஸ் கிளப்புக்குப் போக வேண்டும். ஒரே கிளப் மூன்று முறை சாம்பியன் அணியை உருவாக்கி மூன்று முறை கலைத்தது. ஒவ்வொரு முறையும் காரணம் வேறு.

முதல் முறை 1914. பிலடெல்ஃபியாவில் கோனி மேக் அணியின் மேலாளர், பங்குதாரர் இரண்டுமாக இருந்தார். 1910, 1911, 1913 ஆண்டுகளில் வேர்ல்ட் சீரிஸ் வென்ற அணி, 1914-ல் இறுதித் தொடரில் பாஸ்டன் பிரேவ்ஸிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றது. அதே ஆண்டு ஃபெடரல் லீக் என்ற போட்டி லீக் முளைத்து, பெரிய சம்பளம் காட்டி வீரர்களை இழுக்கத் தொடங்கியிருந்தது. மேக்குக்கு வாசல் வசூலைத் தவிர வேறு வருமானம் கிடையாது. அந்த வசூலும் சுருங்கியது. 1913-ல் 5 லட்சத்து 70 ஆயிரம் பேர் வந்த மைதானத்துக்கு 1914-ல் மூன்றரை லட்சம் பேர்கூட வரவில்லை. கோப்பையை வென்று வென்று ஊருக்கே அலுத்துவிட்டது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். மேக் நட்சத்திர ஆட்டக்காரர் எடி காலின்ஸை 50,000 டாலருக்கு சிகாகோவுக்கு விற்றார். சீஃப் பெண்டர், எடி பிளாங்க் ஆகிய பிட்சர்களை விடுவித்தார். இருவரும் ஃபெடரல் லீகுக்குப் போனார்கள். ஃபிராங்க் பேக்கர் சம்பளத் தகராறில் 1915 முழுக்க ஆடாமல் உட்கார்ந்திருந்து, பிறகு நியூயார்க் யாங்கீஸுக்கு விற்கப்பட்டார். 1915-ல் அத்லெடிக்ஸ் 43 வெற்றி, 109 தோல்வி. 1916-ல் 36 வெற்றி, 117 தோல்வி. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கடைசி இடம். வாங்கிய சிகாகோ அணியோ காலின்ஸை வைத்துக்கொண்டு 1917-ல் கோப்பையை வென்றது.

இரண்டாம் முறை பெருமந்தக் காலம். மேக் மறுபடி கட்டிய அணி 1929, 1930-ல் கோப்பை வென்று, 1931-ல் இறுதித் தொடர் வரை வந்தது. அதற்குள் வேலையிழந்த நகரம் மைதானத்தை மறந்திருந்தது. 1929-ல் எட்டு லட்சத்தைத் தாண்டிய கூட்டம் 1933-ல் மூன்று லட்சத்துக்கும் கீழே போனது. பென்சில்வேனியா சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அனுமதி இல்லை. மற்ற நகரங்களுக்கு வாரத்தின் மிகப் பெரிய வசூல் நாள் பிலடெல்ஃபியாவுக்கு விடுமுறை. ஆல் சிமன்ஸ் உட்பட மூவர் ஒரு லட்சம் டாலருக்கு சிகாகோவுக்கு, மிக்கி காக்ரேன் ஒரு லட்சத்துக்கு டெட்ராய்ட்டுக்கு, லெஃப்டி குரோவும் இன்னும் இருவரும் ஒன்றேகால் லட்சத்துக்கு பாஸ்டனுக்கு, கடைசியாக ஜிம்மி ஃபாக்ஸும் பாஸ்டனுக்கு என்று அணி கரைந்தது. வந்ததில் பெரும்பங்கு ரொக்கம். ரொக்கம் வாங்கி வீரரைக் கொடுப்பவர் எதிர்கால அணியைக் கட்டுவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. கடன்காரன் வாசலில் நின்றான் என்பதுதான் அதன் பொருள்.

மூன்றாம் முறை 1976. கிளப் கான்சாஸ் சிட்டி வழியாக ஓக்லண்டுக்கு இடம் பெயர்ந்திருந்தது. உரிமையாளர் சார்லி ஃபின்லி, சிகாகோ காப்பீட்டு வியாபாரி. அணி 1972, 73, 74 என்று மூன்று முறை தொடர்ச்சியாக வேர்ல்ட் சீரிஸ் வென்றது. அதுவரை பேஸ்பாலில் ரிசர்வ் விதி என்று ஒன்று இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அதே கிளப்பின் உடைமை. 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அந்த விதியின் பிடியை உடைத்தார். தன் நட்சத்திரங்கள் 1976 சீசன் முடிந்ததும் சல்லிக்காசு தராமல் நடந்து போய்விடுவார்கள் என்பது ஃபின்லிக்கு உடனே விளங்கியது. ரெஜி ஜாக்சனை ஏப்ரலில் பால்டிமோருக்கு அனுப்பினார். ஜூன் 15 அன்று ஜோ ரூடி, ராலி ஃபிங்கர்ஸ் இருவரையும் தலைக்குப் பத்து லட்சம் டாலருக்கு பாஸ்டனுக்கும், விடா புளூவைப் பதினைந்து லட்சத்துக்கு யாங்கீஸுக்கும் விற்றார். மூன்றே நாளில் பேஸ்பால் ஆணையர் போவி கூன், விளையாட்டின் நலனைக் காரணம் காட்டி, விற்பனையை ரத்து செய்தார். ஃபின்லி வழக்குப் போட்டுத் தோற்றார். அந்த சீசன் முடிந்ததும் ரூடி, ஃபிங்கர்ஸ், சால் பாண்டோ, பெர்ட் கம்பனெரிஸ், ஜீன் டெனஸ் எல்லோரும் போய்விட்டார்கள். கிளப்புக்குக் கிடைத்தது வெறுங்கை. 1977-ல் ஓக்லண்ட், அந்த ஆண்டுதான் பிறந்த சியாட்டில் அணிக்கும் கீழே கடைசி இடத்தில் முடிந்தது.

மேக் பிழைப்புக்காக விற்றார். ஃபின்லி விஷயம் வேறு. கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவர்தான், கேட்ஃபிஷ் ஹன்டருக்கு ஒப்பந்தப்படி கட்ட வேண்டிய ஆண்டுத்தொகையைக் கட்டாமல் விட்டு அந்த மகத்தான பிட்சரை 1974-லேயே இழந்தவர். ஆனால் 1976 ஜூனில் அவர் செய்தது செலவைக் குறைக்கும் முயற்சி அல்ல. பறிபோகப் போகிற சொத்தைக் கடைசி நிமிடத்தில் பணமாக்கும் முயற்சி.

பணம் யார் கைக்குப் போகிறது

ஃபின்லிக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சைமன் ராட்டன்பெர்க் என்ற பொருளாதார அறிஞர் பேஸ்பால் தொழிலாளர் சந்தை பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். விளையாட்டுப் பொருளாதாரம் என்ற துறையே 1956-ல் வெளிவந்த அந்தக் கட்டுரையிலிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். வீரர் கிளப்பின் உடைமையாக இருந்தாலும் சுதந்திரமானவராக இருந்தாலும், எந்த ஊரில் அவரால் அதிக வருமானம் வருமோ அந்த ஊருக்கே கடைசியில் போய்ச் சேருவார் என்பது அவர் வாதத்தின் சாரம். விதி மாறினால் மாறுவது ஒன்றுதான்: அந்த இடமாற்றத்தின் விலை யார் கைக்குப் போகிறது என்பது.

பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத்தின் கதையை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். 1915, 1916, 1918 ஆண்டுகளில் கோப்பை வென்ற பாஸ்டன் ரெட் சாக்ஸின் உரிமையாளர் ஹாரி ஃபிரேஸி நாடகத் தயாரிப்பாளர். கிளப்பை வாங்கிய கடனே தீராத நிலையில் இருந்தார். ரூத் பத்தாயிரம் டாலர் சம்பளத்தை இருபதாயிரமாக்கச் சொன்னார். 1919 டிசம்பரில் ஃபிரேஸி அவரை யாங்கீஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றார். கூடவே ஃபென்வே பார்க் மைதானத்தின் பேரில் மூன்று லட்சம் டாலர் கடனுக்கும் யாங்கீஸ் உரிமையாளர் உறுதி தந்தார். அடுத்த மூன்று ஆண்டுகளில் வெய்ட் ஹாய்ட், ஜோ புஷ், ஹெர்ப் பென்னாக் என்று பாதி அணி அதே ரயிலில் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. யாங்கீஸ் 1923-ல் முதல் கோப்பையை வென்றது. 1922 முதல் 1930 வரையிலான ஒன்பது சீசன்களில் பாஸ்டன் எட்டு முறை கடைசி. அடுத்த கோப்பைக்கு 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நியூயார்க்கில் ரூத் பாஸ்டனில் ஈட்டித் தந்ததைவிடப் பல மடங்கு ஈட்டித் தந்தார். ராட்டன்பெர்க் வாதப்படி அவர் அங்கே போவது இயல்பு. 1920-ல் அந்த வித்தியாசம் ஃபிரேஸியின் பைக்குள் போனது. 1976-க்குப் பிறகு அது வீரரின் பைக்குள் போகிறது. அதனால்தான் பிற்கால உரிமையாளர்கள் ரொக்கத்துக்கு விற்பதை விட்டு, ஒப்பந்தம் முடியுமுன் இளம் வீரர்களுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். காரியம் ஒன்றுதான், ரசீது மட்டும் மாறியிருக்கிறது.

கனடாவில் இந்தப் பழைய ரசீதின் கடைசிப் பெரிய பிரதி 1988 ஆகஸ்ட் 9 அன்று கிழிக்கப்பட்டது. எட்மன்டன் ஆயிலர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி அதற்குச் சுமார் இரண்டரை மாதம் முன்புதான் ஐந்து ஆண்டுகளில் நான்காவது ஸ்டான்லி கோப்பையை வென்றிருந்தது. உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டன், இறைச்சிப் பதனிடும் ஆலை முதல் நிதி நிறுவனம் வரை பல தொழில்களில் அடிவாங்கியவர். வெய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்குக் கொடுத்தார்; பதிலுக்கு இரண்டு இளம் வீரர்கள், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள் மூன்று, அதோடு ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர் ரொக்கம். இந்த மாற்றத்தைத் தடுக்க வேண்டும் என்று நெல்சன் ரீஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அரசிடம் முறையிடும் அளவுக்கு நாடு கொந்தளித்தது. ஆனால் கிரெட்ஸ்கி இல்லாமலே எட்மன்டன் 1990-ல் மறுபடி கோப்பையை வென்றது. உண்மையான கலைப்பு அதற்குப் பிறகுதான். மார்க் மெஸ்ஸியர், கிராண்ட் ஃபியூர், கிளென் ஆண்டர்சன் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். 1994-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் 54 ஆண்டுகளுக்குப் பின் கோப்பையைத் தூக்கியபோது அந்த அணியில் ஏழு பேர் பழைய எட்மன்டன் ஆட்கள்.

சிகாகோ: கூட்டம் குறையாத கலைப்பு

மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸ் கதையில் பணம் எங்கே முடிகிறது, பகை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கடினம். எட்டு ஆண்டுகளில் ஆறு கூடைப்பந்துப் பட்டங்கள். 1997–98 சீசனில் ஜோர்டனின் சம்பளம் மட்டும் 3 கோடியே 31 லட்சம் டாலர். ஒரு முழு அணிக்கு லீக் வைத்திருந்த சம்பள உச்சவரம்பே 2 கோடியே 69 லட்சம்தான். சொந்த வீரரை வைத்துக்கொள்ள உச்சவரம்பைத் தாண்டலாம் என்ற விதிவிலக்கு இருந்ததால் அது சாத்தியமானது. மறுபுறம் ஸ்காட்டி பிப்பன், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், பழைய நீண்டகால ஒப்பந்தத்தால் 28 லட்சம் டாலருக்கும் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தார். அணியிலேயே ஆறாவது இடத்துச் சம்பளம் அது. 1998 கோடையில் அந்த ஒப்பந்தம் முடிந்தது. அவருக்குச் சந்தை விலை கொடுத்தாக வேண்டும். டென்னிஸ் ராட்மன், ஸ்டீவ் கெர், லூக் லாங்லி எல்லோருக்கும் புது ஒப்பந்தம் வேண்டும். எல்லோருக்கும் வயதும் ஏறிவிட்டது. பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனுக்கும் பொது மேலாளர் ஜெரி கிராஸுக்கும் பேச்சுவார்த்தையே அற்றுப்போயிருந்தது. அந்த சீசனோடு ஜாக்சன் வெளியேற்றப்படுவார் என்பது தொடக்கத்திலேயே முடிவானது. ஜாக்சன் இல்லையென்றால் ஆடமாட்டேன் என்று ஜோர்டன் சொன்னார், ஆடவும் இல்லை.

உரிமையாளர் ஜெரி ரைன்ஸ்டார்ஃப், வயதான துணை ஆட்டக்காரர்களுக்கு அவர்கள் தகுதிக்கு மீறிய விலை கொடுப்பது தற்கொலைக்குச் சமம் என்ற தோரணையில் தன் முடிவைப் பிற்காலத்தில் நியாயப்படுத்தினார். சாம்பியன் அணியை வைத்துக்கொள்ளும் செலவு ஏன் ஒரே ஆண்டில் எகிறுகிறது என்பது இந்த வாதத்தில் விளங்குகிறது. கோப்பை எல்லா ஆட்டக்காரர்களின் விலையையும் ஒரே நேரத்தில் ஏற்றிவிடுகிறது. மைதான இருக்கைகளின் எண்ணிக்கையை அது ஏற்றுவதில்லை. ஏற்கெனவே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நிறைந்த அரங்கில் ஏழாவது பட்டம் எத்தனை டிக்கெட்டைக் கூடுதலாக விற்றுத் தரும்?

விடை புல்ஸின் வாசலில் கிடைத்தது. ஜோர்டன் போன பின் ஐம்பது ஆட்டங்களாகச் சுருங்கிய 1999 சீசனில் அணி 13 வெற்றி, 37 தோல்வி. அப்படியும் யுனைடெட் சென்டர் தொடர்ந்து நிரம்பியது. 1987-ல் தொடங்கிய முழுக்கொட்டகைத் தொடர் 610 ஆட்டங்கள் நீண்டு, 2000 நவம்பரில்தான் அறுந்தது. சீசன் டிக்கெட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் கிடைத்ததை எளிதில் விடமாட்டார்கள். மயாமியில் உடனே விழுந்த அடி சிகாகோவில் இரண்டு ஆண்டு தாமதமாக விழுந்தது. வென்ற அணியைக் கலைத்தால் ரசிகன் தண்டிப்பான் என்பது எல்லா ஊருக்கும் ஒரே வேகத்தில் பொருந்துவதில்லை. உரிமையாளர்களுக்கு இது தெரியும்.

விதியே கலைக்கும் காலம்

2004–05-ல் வட அமெரிக்க ஹாக்கி லீக் ஒரு முழு சீசனையே ரத்து செய்தது. உரிமையாளர்கள் கேட்ட சம்பள உச்சவரம்புக்கு ஆட்டக்காரர் சங்கம் இணங்காததே காரணம். கடைசியில் சங்கம் பணிந்தது. அடுத்த சீசனில் அணிக்கு 3 கோடியே 90 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வந்தது. அந்த விதியின் முதல் ஆண்டிலேயே சின்ன ஊரான எட்மன்டன் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது. விதியை ஆதரித்தவர்களுக்கு அது நல்ல விளம்பரம்.

மறுபக்கம் 2010-ல் தெரிந்தது. சிகாகோ பிளாக்ஹாக்ஸ் 49 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்தக் கோடையிலேயே டஸ்டின் பஃப்லின், ஆண்ட்ரூ லாட், கிரிஸ் வெர்ஸ்டீக், கோல்கீப்பர் அன்டி நியெமி ஆகியோரை விட வேண்டி வந்தது. உரிமையாளரிடம் பணம் இல்லாமலில்லை, விதியில் இடமில்லை. ஜோனதன் டேவ்ஸ், பாட்ரிக் கேன், டங்கன் கீத் என்ற மையத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு சுற்றிலும் ஆட்களை மாற்றிய அணி 2013, 2015-லும் கோப்பை வென்றது. பாதி அணி போனாலும், எந்தப் பாதி போகிறது என்பதில்தான் விஷயம் இருந்தது.

கலைப்பும் சிக்கனமும் ஒன்றல்ல என்பதற்கு ஐபிஎல் நல்ல சான்று. மெகா ஏலம் வரும்போது எல்லா அணிகளும் ஒரு சிலரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சந்தைக்கு விட வேண்டும். ஏலத்தொகை எல்லோருக்கும் ஒன்றே என்பதால் யாரும் இதில் மிச்சம் பிடிப்பதில்லை. 2021-ல் கோப்பை வென்ற சென்னை சூப்பர் கிங்ஸ் நான்கு பேரை மட்டும் தக்கவைத்தது. அந்த சீசனில் 633 ரன் எடுத்த ஃபாஃப் டு பிளெஸ்ஸி பெங்களூருக்குப் போனார். 14 கோடி ரூபாய்க்குத் திரும்ப வாங்கப்பட்ட தீபக் சாஹர் காயத்தால் ஒரு பந்துகூட வீசவில்லை. 2022-ல் பத்து அணிகளில் சென்னை ஒன்பதாவது. உரிமையாளரைத் திட்ட முடியாதபடி நடந்த கலைப்பு அது.

அமெரிக்கக் கூடைப்பந்து, கறாரான உச்சவரம்புக்கும் தடையற்ற செலவுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. உச்சவரம்பைத் தாண்டலாம், தாண்டினால் ஆடம்பர வரி. 2022-ல் பட்டம் வென்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வரியாக மட்டும் சுமார் 17 கோடி டாலர் கட்டியது. சொந்த அரங்கின் வருமானம் அதைத் தாங்கியது. இதைக் கண்டு கொதித்த மற்ற உரிமையாளர்கள் 2023-ல் ஆட்டக்காரர் சங்கத்தோடு போட்ட புதிய ஒப்பந்தத்தில் இரண்டாவது வரம்பு ஒன்றைச் செருகினார்கள். அதைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டி ஒரு பெரிய வீரரை மாற்றிக்கொள்ள முடியாது. எதிர்காலத் தேர்வு உரிமை முடக்கப்படும். வரி விகிதமும் ஏறும். காசு உள்ளவனையும் கட்டிப்போடும் விதி.

முதலில் மாட்டியது டென்வர். 2023-ல் பட்டம் வென்ற அந்த அணி அடுத்த ஆண்டு கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்பை இழந்தது. பிறகு பாஸ்டன் செல்டிக்ஸ். 2024-ல் பட்டம் வென்ற கிளப், 2025 மார்ச்சில் 610 கோடி டாலருக்குக் கைமாற ஒப்பந்தமானது. அந்த அணியை அப்படியே வைத்திருந்தால் அடுத்த சீசனில் சம்பளமும் வரியுமாக 50 கோடி டாலரைத் தாண்டும் என்று கணக்கிடப்பட்டது. மே மாதம் அணியின் நட்சத்திரம் ஜேசன் டேட்டமின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஜூனில் ஜ்ரூ ஹாலிடே போர்ட்லண்டுக்கும் கிரிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் போனார்கள். அல் ஹார்ஃபர்டும் லூக் கார்னெட்டும் வேறு அணிகளில் சேர்ந்தார்கள். 610 கோடி விலைபோகும் கிளப்புக்கு வரி கட்ட வக்கில்லை என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் பாஸ்டனில் ஃபிரேஸிக்குக் கிடைத்த சாபத்தில் நூறில் ஒரு பங்குகூடப் புதிய உரிமையாளருக்குக் கிடைக்கவில்லை. விதி அப்படி என்று ரசிகர்களே விளக்கம் சொன்னார்கள்.

வைத்திருந்தால் வாழ்ந்திருக்குமா?

கலைத்ததால்தான் சரிந்தது என்று சொல்லுமுன், கலைக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்றும் பார்க்க வேண்டும். 2008-ல் கோப்பை வென்ற பிலடெல்ஃபியா ஃபிலீஸ் தன் அணியை விடாமல் வைத்துக்கொண்டது. ரயன் ஹாவர்டுக்கு 12 கோடியே 50 லட்சம் டாலரில் ஐந்து ஆண்டு நீட்டிப்புக் கொடுத்தது. 2011-ல் 102 வெற்றிகள் வந்தன. அந்த ஆண்டு பிளே-ஆஃபில் அணி ஆடிய கடைசிப் பந்தில் ஹாவர்டின் குதிகால் தசைநாண் அறுந்தது. நீட்டிப்பின் முதல் ஆண்டுச் சம்பளமே அதற்குப் பிறகுதான் தொடங்கியது. 2015-ல் அணி 99 ஆட்டங்களில் தோற்றது. விசுவாசம் மூன்று நான்கு நல்ல ஆண்டுகளைத் தந்து, பிறகு அதற்கான விலையையும் வசூலித்தது.

மார்லின்ஸ் கதைக்கோ எதிர்பாராத பின்பகுதி உண்டு. கெவின் பிரவுனுக்கு மாற்றாக வந்த டெரக் லீ, லைட்டருக்கு மாற்றாக வந்த ஏ.ஜே. பர்னெட் இருவரும் வளர்ந்தார்கள். 108 தோல்விகளின் பலனாகக் கிடைத்த இரண்டாவது தேர்வு உரிமையில் 1999-ல் ஜாஷ் பெக்கெட் வந்தார். 2003-ல் மார்லின்ஸ் யாங்கீஸைத் தோற்கடித்து மறுபடி கோப்பை வென்றபோது தொடரின் சிறந்த வீரர் பெக்கெட்தான். கலைப்பு விதையாகவும் ஆகலாம் என்று வாதிடுபவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்த வாதத்தை, ஹென்றிக்குப் பின் உரிமையாளரான ஜெஃப்ரி லோரியாவே பலவீனமாக்கினார். 2003 அணியும் இரண்டே ஆண்டில் சிதறியது. பெக்கெட் 2005 இறுதியில் பாஸ்டனுக்குப் போனார். 2006-ல் மார்லின்ஸின் மொத்தச் சம்பளம் சுமார் ஒன்றரைக் கோடி டாலர், லீகிலேயே மிகக் குறைவு. பணக்கார அணிகளின் வருமானத்திலிருந்து ஏழை அணிகளுக்குப் பகிர்ந்து தரப்படும் தொகை இந்தக் கிளப்புக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. ஆட்டக்காரர்களுக்காகக் கொடுக்கப்பட்ட பணம் ஆட்டக்காரர்களைச் சேரவில்லை என்று சங்கம் புகார் செய்ய, 2010 தொடக்கத்தில் சம்பளச் செலவைக் கூட்ட கிளப் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு கசிந்த கணக்கு ஆவணங்கள், கையில் காசில்லை என்று சொல்லி மைதானத்துக்குப் பொதுப்பணம் கேட்டுவந்த காலத்திலேயே கிளப் லாபத்தில் ஓடியதைக் காட்டின. பெரும்பகுதி பொதுப்பணத்தில் கட்டிய புதிய மைதானம் 2012-ல் திறந்தது. லோரியா சுமார் 15 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கிய கிளப்பை 2017-ல் 120 கோடிக்கு விற்றார்.

ஆகவே, காசு மிச்சம் பிடிக்க உரிமையாளர் சாம்பியன் அணியைக் கலைப்பாரா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால் ஆம். ஆனால் பழைய அர்த்தத்தில் அல்ல. மேக்கும் ஃபிரேஸியும் பாக்லிங்டனும் கைச்செலவுக்கு இல்லாமல் விற்றவர்கள். அந்த வகை உரிமையாளர் இன்று கிட்டத்தட்ட இல்லை. கிளப்பின் விலையே அவர்களை உள்ளே விடாது. அந்த இடத்துக்கு வந்திருப்பவர் ஆண்டு லாபத்தை நம்பியிராதவர். அவர் செல்வம் கிளப்பின் மதிப்பு ஏறுவதில் இருக்கிறது, சம்பளத்துக்கு எல்லை இருந்தால் அந்த மதிப்பு இன்னும் வேகமாக ஏறும். தனியாளாக அணியைக் கலைத்து ஊர்ச் சாபம் வாங்குவதைவிட முப்பது பேர் கூடி ஒரு விதி எழுதுவது அவருக்கு லாபம்.

அடுத்த மோதல் பேஸ்பாலில் வரக் காத்திருக்கிறது. பெரிய அமெரிக்க லீகுகளில் சம்பள உச்சவரம்பு இல்லாதது அது ஒன்றுதான். 1994-ல் உரிமையாளர்கள் உச்சவரம்பு கேட்டதால் ஆகஸ்ட் 12 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி, அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. 2024, 2025 ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பெரும் ஆடம்பர வரியைக் கட்டிக்கொண்டே தொடர்ந்து இரண்டு கோப்பைகளை வென்றது. 1998–2000 யாங்கீஸுக்குப் பிறகு எந்த அணியும் அப்படிச் செய்ததில்லை. பேஸ்பாலில் உரிமையாளர்களுக்கும் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் கெடு 2026 டிசம்பர் 1. உச்சவரம்பு வேண்டும் என்று சில உரிமையாளர்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். சங்கம் முடியாது என்கிறது. அவர்கள் கேட்டது கிடைத்தால், நட்சத்திரம் ஷோஹே ஒதானியோடு சேர்ந்து ஆடும் அணியில் யார் யாரை விட வேண்டும் என்பதை முடிவு செய்ய டாட்ஜர்ஸ் உரிமையாளர் சிரமப்பட வேண்டியிருக்காது. மற்ற இருபத்தொன்பது உரிமையாளர்களும் அதை அவருக்காக முடிவு செய்திருப்பார்கள்.